மிதமான சுற்று

ஏழு கிலோமீட்டர், மிதமான சுற்றுதான் என்றாள் ஜெயராக்கினி.
மிதமான என்ற சொல்லை
நாளைக்கு இருபது தடவை எழுதுகிறவள் நான்.
மிதமான இரத்தசோகை.
மிதமான கிருமித் தொற்று.
சீட்டை வாங்குகிற முகம்
அந்தச் சொல்லில் சாய்ந்து
மூச்சு விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எழுமலையைத் தாண்டி
சுடுகாட்டுத் தகரக் கொட்டகை ஓரம்
ஸ்கூட்டியை நிறுத்தும்போது மணி ஆறு பத்து.
வெயில் இன்னும் வேலைக்கு வரவில்லை.
அவள் காலில் ஆடித் தள்ளுபடி ஷூ.
என் காலில் லேபுக்குப் போடும் அதே செருப்பு.

பாதை என்று யாரும் போடவில்லை.
ஞாயிறுதோறும் பையன்கள் பைக் ஓட்டி ஓட்டிச்
செம்மண்ணுக்கு வகிடெடுத்திருக்கிறார்கள்.
வகிட்டுக்குள் வைத்தால் செருப்பு கோணுகிறது.
வெளியே வைத்தால் நெருஞ்சி.
முன்னால் ஒரு மயில்
தோகையை மண்ணில் இழுத்துக்கொண்டு
தனக்காகவே போட்ட ரோடு மாதிரி
வகிட்டிலேயே நடந்தது. ஒதுங்கவில்லை.
நாங்கள்தான் மெதுவாக நடந்தோம்.

நரிக்கரடு இடது கைப்பக்கம்.
எவ்வளவு நடந்தாலும் இடது கைப்பக்கமே.
சீமைக்கருவேலம் முடிந்தால் பாறை,
பாறை முடிந்தால் சீமைக்கருவேலம்.
கண்மாய் என்று செல்போன் நீலமாகக் காட்டிய இடத்தில்
வெடித்த மண்ணும்
ஒரு குழந்தையின் ஒற்றை நீலச் செருப்பும்.

கற்களில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.
நாலாவது கல்லில்தான் உறைத்தது:
எல்லா அம்பும் எங்கள் மூஞ்சிக்கு நேரே வருகிறது.

'தப்பாச் சுத்துறோம்டி.'
'திரும்பிருவமா?'
செல்போனில் மூன்றரை.
திரும்பினாலும் மூன்றரை.
பாட்டிலில் இருந்த பாதித் தண்ணீரைப்
பாதியாக்கிக் குடித்தோம்.
அந்த இடத்தில் நிழலும் இல்லை,
முடிவெடுக்க ஒன்றும் இல்லை.

சத்தம் முதலில் வந்தது. அப்புறம் புழுதி.
அப்புறம் மூன்று பைக்குகள்.
முள்ளோடு முள்ளாக ஒட்டிக்கொண்டோம்.
மூன்றாவது பையன் மட்டும் நிறுத்தினான்.
'அக்கா, எதிர்த்தாப்புல நடக்காதீங்க,
கரட்டு வளைவுல ஆள் தெரியாது.'
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
கழற்றத் தேவையில்லை,
அந்தக் கையை எனக்குத் தெரியும்.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
பச்சை குத்தியது: ஒச்சம்மாள் மகன்.

போன ஐப்பசியில் டெங்கு.
நரம்பு கிடைக்காமல்
'ஒச்'சில் ஒரு குத்து,
'மகன்' மேல் இரண்டு குத்து.
பிளேட்லெட் பதினெட்டாயிரம்.
ஒச்சம்மாள் என் ஜன்னலுக்கு வந்தாள்,
தலையில் துண்டும் மடியில் ரவை உப்புமாப் பொட்டலமுமாக.
'ரொம்பவா இருக்கு தாயி?'
மிதமாத்தான் இருக்கு என்றேன்.
எழுதியது வேறு.
எழுதியதை அவள் படிக்க மாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.
அன்று ராத்திரி ஆம்புலன்ஸில் மதுரைக்கு.
அதற்கப்புறம் எனக்குத் தாக்கல் இல்லை.
கேட்கவும் இல்லை.

இப்போது அந்தக் கை
ஆக்சிலேட்டரைச் சும்மாவே முறுக்கிக்கொண்டிருக்கிறது.

'இன்னும் எம்புட்டுத் தூரம் தம்பி?' ஜெயராக்கினி கேட்டாள்.
'கொஞ்சந்தான்க்கா. ரெண்டு கிலோமீட்டர் வரும்.'
மூன்றரை என்று என் கையில் எரிந்துகொண்டிருந்தது.
செல்போனைத் துப்பட்டாவுக்குள் வைத்தேன்.

இன்னொரு சுற்றில் மறுபடி எதிரே வந்தான்.
நிற்கவில்லை. கையை மட்டும் தூக்கினான்.
புழுதி அடங்கும்வரை
நான் அங்கேயே நின்றதாக
ஜெயராக்கினி அப்புறம் சொன்னாள்.

கொட்டகைக்கு வந்தபோது ஒன்பது மணி.
தகரம் வெயிலில் டக் டக்கென்று முறிகிற சத்தம்.
காலையில் நாங்கள் கிளம்பிய தடத்தில்
ஒரு குதிகால்கூட மிச்சமில்லை,
எல்லாம் டயர்.
அவள் ஷூவைக் கழற்றி, முள்ளைப் பல்லால் கடித்து இழுத்து,
'ரெண்டு கிலோமீட்டராம், புளுகன்' என்றாள்.

ஸ்கூட்டி சீட்டு அடுப்பாகக் கொதித்தது.
மிச்சமிருந்த தண்ணீரை அதில் ஊற்றினேன்.
உட்காருவதற்குள் காய்ந்துவிட்டது.