இரண்டு புள்ளிகள்

சவுகோஸ்கியில் டிசம்பர்.
மத்தியானம் இரண்டு மணிக்கே
வெளிச்சம் கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டது.
பனிமான் வளர்ப்போர் சங்க அலுவலகத்தில்
ரவுனி
மேசைக்கடியில் குப்புறப் படுத்திருக்கிறாள்,
வாயில் திருப்புளியோடு.

அரசாங்கத்தின் மானியப் பக்கம்
மூன்று வாரமாய் ஒரே வாசகத்தைச் சொல்கிறது:
உங்கள் கணினி பழையது.
"தெரியும்" என்று அதனிடமே சொல்லிப் பார்த்துவிட்டாள்.

மூடியைக் கழற்றினால்
விசிறியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு பந்து.
தூசி என்று நினைத்தாள்.
முடி. பனிமான் முடி.
பதிமூன்று வருடமாக
ஆட்களின் கோட்டிலும் பூட்ஸிலும் ஒட்டி உள்ளே வந்து
ஒவ்வொன்றாய் இழுபட்டுச் சேர்ந்தது.
பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.
குழந்தைக்கு ஒற்றைக் கையுறை பின்னலாம்.

பனி வாரும் வண்டி ஓட்டுகிற உர்ஹோ
மூடிய பள்ளிக்கூடத்து ஏலத்தில் எடுத்த
நினைவகச் சில்லு இரண்டைக் கொண்டுவந்தான்,
மீன் சுற்றிய காகிதத்தில்.
"வாசனை அடித்தால் நான் பொறுப்பில்லை."
சொருகும்போது 'டக்' என்றது.
உடைந்ததா உட்கார்ந்ததா என்று
இருவரும் முகம் பார்த்துக்கொண்டார்கள்.
உட்கார்ந்தது.

பிறகு அந்தக் கேள்வி.
எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவா,
கோப்புகளை மட்டுமா,
எதுவுமே வேண்டாமா?
"என் விவாகரத்து வக்கீலும் இதையேதான் கேட்டார்"
என்றான் உர்ஹோ.
ரவுனி முதலாவதை அழுத்தினாள்.

பதினெட்டு சதவீதம். முப்பத்தொன்று.
அணைக்காதீர்கள் என்கிறது திரை.
காற்று பைன் மரங்களை உலுக்குகிறது;
மின்கம்பி போன வாரம் இரண்டு முறை அறுந்தது.
அறுபத்து நான்கில் நின்றது.
காபி. அறுபத்து நான்கு.
இன்னொரு காபி. அறுபத்து நான்கு.
விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியபோது
உர்ஹோ சட்டென்று பெட்டியின் மேல் கை வைத்தான்,
மிரண்ட கன்றை அமர்த்துவதுபோல்.
கை வைத்து என்ன ஆகப்போகிறது?
ஆனாலும் எடுக்கவில்லை.

ஒன்பதரைக்கு எழுந்தது.
கழுவிய முகம். யாரையும் தெரியாத முகம்.
அச்சு இயந்திரமா,
அப்படி இங்கே யாரும் இல்லையே என்றது.

காதுக்குறிப் பதிவேட்டைத் திறந்தாள்.
முன்னூற்றுப் பன்னிரண்டு உரிமையாளர்கள்;
எந்தக் காதில் எத்தனை வெட்டு,
யாருடைய மான்.
வெட்டுகள் சரியாக இருந்தன.
பெயர்களில்தான் ஓட்டை.
இரண்டு புள்ளி வைத்த எழுத்து எங்கெல்லாம் உண்டோ
அங்கெல்லாம் ஒரு கேள்விக்குறி.

நமக்கு இது புதிதல்ல.
பழைய எழுத்துருவில் அடித்த கடிதம்
புதுக் கணினியில் கட்டம் கட்டமாய் இளித்ததைப்
பார்த்தவர்கள்தானே நாம்.
ஆனால் நம் புள்ளி வேறு:
தலையில் விழுந்தால் எழுத்தின் உயிர் போய்விடும்.
அவர்கள் புள்ளி விழுந்தால்
வாய் இன்னும் கொஞ்சம் அகலமாய்த் திறக்கும்.
அந்தக் குளிரில் அது சின்ன விஷயமில்லை.

பழையது ஒரு கோப்புறையில் பத்து நாள் இருக்கும்,
மனம் மாறினால் திரும்பிப் போகலாம்.
ரவுனி போகவில்லை.
ஒவ்வொரு கேள்விக்குறியாய் அழித்து
ஒவ்வொரு எழுத்தாய்த் தட்டினாள்.
சந்தேகம் வந்த வீடுகளுக்கு போன் போட்டாள்.
"உங்கள் பெயரில் புள்ளி உண்டா?"
"ஏன், அதற்கும் வரியா?"
ஏழாம் நாள் இரவு முடித்தாள்.
பத்தாம் நாள் பழையது தானாகவே போனது,
சொல்லிக்கொள்ளாமல்.

ஜூனில்
கன்றுகளுக்குக் குறி வெட்டும் வேலியடியிலிருந்து
யெர்வெலெ கூப்பிட்டார்.
பின்னால் கொசு, குளம்பு, யாரோ யாரையோ திட்டுவது.
"காகிதத்தில் என் பெயர்
இன்னும் கேள்வி கேட்கிறது."
"எங்கே?"
"கடைசி எழுத்தில்."
திரையில் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.
"பேனா இருக்கிறதா?"
"பென்சில் இருக்கு."
"போதும். நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்."

அந்தப் பக்கம் பேச்சில்லை.
வேலிக்கட்டையில் காகிதம் உரசும் சத்தம்.
ஒரு புள்ளி.
நடுவில் ஏதோ கன்று திமிறியது.
பிறகு இன்னொன்று.