மிச்சமிருந்த நான்கு குழிகள்

அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தி
மரியானா தீவுகளுக்கு மேற்கே வலை இழுத்தார்கள்.
இரவு ஒரு மணி.
வாளியில் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னார்
வலைக்காரர் ஒகுனுகி,
டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும்வரை.
பிறகு கண்கள் தெரிந்தன.
இரண்டிரண்டாய், கடுகைவிடச் சிறியதாய்,
உடம்பில்லாமல் நீந்தும் கண்கள்.

விலாங்கின் குஞ்சு அப்படித்தான்.
கண்ணாடித்தாளில் வெட்டிய இலை.
அடியில் செய்தித்தாளை வைத்தால் படிக்கலாம்.
வயிறு இருக்கிறது, நூல்போல.
அறுத்துப் பார்த்தவர்கள் குறிப்பேட்டில்
மீண்டும் மீண்டும் எழுதிய சொல்: காலி.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
சரி.
உப்பிலேயே பிறந்த ஒன்றிடம் போய்
உனக்குச் சோறு போட்டது யார் என்று
எப்படிக் கேட்பது?

கேட்கிறவள் பெயர் ஷிசுரு.
ஷிமிசு துறைமுகத்தின் பின்னால், இரண்டாம் மாடியில்,
உறையவைத்து உலர்த்திய குஞ்சை
அரை மில்லிகிராம் நிறுத்துத்
தகரத்தாள் கிண்ணத்தில் இட்டு
இடுக்கியால் மடிக்கிறாள்.
கிண்ணம் என்பது பெரிய சொல்.
மடித்தபின் கேழ்வரகு அளவு.
ஒரு தும்மலில்
ஒரு கப்பல் பயணமே பறந்துவிடும்.

இயந்திரம் அதை ஆயிரம் டிகிரியில் எரிக்கும்.
சதை காற்றாகும். காந்தம் காற்றைத் திருப்பும்.
லேசான நைட்ரஜன் சட்டென்று வளையும்;
ஒரு நியூட்ரானைக் கூடுதலாய்ச் சுமப்பது
வளையச் சற்று யோசிக்கும்.
அந்த யோசனையை எண்ணுவதுதான் அவள் வேலை.
தின்றதைவிடத் தின்றவரிடம் கனம் கூடும்,
படிக்குப் படி மூன்று, மூன்றரை.
பெரிய எண் என்றால் வேட்டை.

இவற்றின் எண் சிறியது.
அப்படியென்றால் மேலிருந்து உதிரும் கடல்பனி:
யாரோ குடியிருந்து கழற்றிப்போட்ட சளிவீடுகள்,
செத்த பாசி, எச்சம்,
ஒன்றோடொன்று ஒட்டி இருட்டுக்குள் இறங்கும் தூசு.
என்ன தின்றது என்று எண் சொல்கிறது.
அந்த வாய் எப்படித் திறந்தது என்று சொல்லவில்லை.

பதினேழு மட்டும் எகிறியிருந்தது.
"இது எதையோ பிடித்துத் தின்றிருக்கிறது"
என்றார் ஆய்வுத் தலைவர் தெராதோ, கையைத் தேய்த்துக்கொண்டு.
கட்டுரைக்கு அது ஒரு பத்தி.

அன்று தட்டில் நான்கு குழிகள் மிச்சம்.
சும்மா ஓடப்போகிற ஹீலியம்.
ஷிசுரு தன் தலையிலிருந்து சில இழைகளை
அடியோடு ஒட்ட வெட்டி
நான்கு துண்டாக்கினாள்.
மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்.
விளையாட்டுத்தான்.

காலையில் திரையில் வந்தது.
அடித்துண்டு, ஏப்ரல்: கப்பல் சாப்பாடு.
சமையல்காரர் நாகாசே விடாமல் போட்ட சூரை.
எண் உயரம். நியாயம்.
மார்ச் இறங்கியிருந்தது, நூடுல்ஸ், பீன்ஸ்.
பிப்ரவரி
சூரையைவிட உயரம்.

பிப்ரவரியில் என்ன தின்றேன்?
ஹிரோமுவின் மேலங்கி
கொக்கியிலேயே தொங்கிய மாதம்.
குளிர்பெட்டியில் ஒரு பாட்டில் பார்லி டீ.
ஒரு முட்டை;
அதையும் வேகவைத்து மறந்திருந்தாள்.

தின்னாதவள் எப்படி வேட்டைக்காரி ஆனாள்
என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.
பசித்த உடம்பு தன்னையே பிடித்துத் தின்னும்.
லேசானதைச் செலவழித்துவிட்டு
கனமானதை வைத்துக்கொள்ளும்.
படித்திருக்கிறாள். தேர்விலும் எழுதியிருக்கிறாள்.

பதினேழின் பதிவைத் திரும்ப எடுத்தாள்.
நீளம் இருபத்துமூன்று மில்லிமீட்டர், மற்றவற்றைப் போலவே.
உலர்ந்த எடை,
மற்றவற்றில் பாதி.

தெராதோவின் பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினாள்:
வேட்டையா பட்டினியா, சொல்வதற்கில்லை.
அவர் படித்தார், உச்சுக்கொட்டினார்,
பத்தியை அடித்தார்.

நான்காம் துண்டு ஜனவரி.
சாதாரண எண்தான், அரிசி, மீன், சோயா.
எத்தனை பேருக்குச் சமைத்தாள் என்பதை
நைட்ரஜன் சொல்வதில்லை.