பெயர் சொல்லாத சாவி

பிரேமர்ஹாஃபன் துறைமுகம், இரவு மூன்று மணி.
நினைவகத்தில் எட்டு லட்சம் சரக்குப்பெட்டிகள்
எண் வரிசையில் நிற்கின்றன.
எண்ணைச் சொன்னால் இமைப்பதற்குள் கிடைக்கும்.

ஹென்ரிக்கே கேட்பதோ கப்பல் பெயரால்.
நிரல் முதல் பெட்டியிலிருந்து
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்க்கிறது.
வெளியே மழையில்
பளுதூக்கியின் கொக்கி சும்மா ஆடுகிறது.

கப்பல் பெயருக்கு இரண்டாம் சாவி செய்தேன்,
கொஞ்சம் நினைவகத்தை விலையாகக் கொடுத்து.
ஒரு பெட்டியும் நகரவில்லை.
வேகமும் நகரவில்லை.

காப்பி ஆறிய பிறகுதான் உறைத்தது:
சாவி செய்தவன்
தேடும் வரியில் அதன் பெயரைச் சொல்லவே இல்லை.

சொன்னேன்.
முதல் தேடல் மட்டும் சற்றுத் திணறியது,
அடுக்கிக்கொள்ள அதற்கும் நேரம் வேண்டுமே.
அடுத்தது,
ஹென்ரிக்கே விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை,
கொக்கி இறங்கத் தொடங்கியிருந்தது.