நானூற்றுப் பன்னிரண்டு வாசல்

நேற்று ராத்திரி அவள் மேலே வரவில்லை.
இன்று அம்மாப்பேட்டையில் பாதித் தறி ஓடவில்லை என்றால்
கரண்ட் போனது என்று நினைத்துவிடாதீர்கள்.

தெரியாதவர்களுக்குக் கதை:
மூத்த மருமகள் கிணற்றில் விழுந்தாள். சாகவில்லை.
தண்ணீருக்கு அடியில் அரண்மனை, காவலுக்கு ஒரு முதலை.
பௌர்ணமிக்குப் பௌர்ணமி மேலே வந்து
மகளுக்குத் தலை பின்னிவிட்டுப் போவாள்.
நேற்று சாபம் தீர்ந்தது.
புருஷன் கிணற்று விளிம்பில் மண்டியிட்டுக் கை நீட்டினான்.
அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.
விளம்பரம்.
மறுபடியும் பார்த்தாள்.
உள்ளே போய்விட்டாள்.

நான் கேபிள் சந்தா வாங்குகிறவன்.
மாசம் பிறந்து பத்துத் தேதிக்குள்
நாலு ஏரியா, நானூற்றுப் பன்னிரண்டு வாசல்.

"பெத்தவளா அவ?" என்றார்
ருக்மாங்கதன் வீட்டம்மா, அறுந்த இழையை முடிந்துகொண்டே.
"அந்தச் சேனலை எடுத்துடு தம்பி."
தார் சுற்றிக்கொண்டிருந்த மருமகள்
பணத்தோடு வாசல்வரை வந்து
ராட்டைச் சத்தத்துக்குக் கீழே சொன்னாள்:
"எடுத்துடாதீங்க."

தையல்கடை பத்மலோசனி கத்தரியை என் பக்கம் நீட்டினாள்,
நான்தான் அந்தப் புருஷன் என்பதுபோல்.
"கையை நீட்டுனானே, வாயைத் தொறந்தானா?"

உருக்காலையில் ரிட்டயரான ஞானாதிக்கம் சாருக்கு வேறு வழக்கு.
"தண்ணிக்குள்ளயே குடியிருக்கிறவளுக்கு
முடி எப்படிய்யா உலர்ந்திருக்கும்?"
அறுநூறு எபிசோடாக இதையே கேட்கிறார்.
ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை.

முதலை ரப்பர் என்கிறான் ஒரு பையன்.
முதலைதான் நல்லவன் என்கிறாள் அவன் தங்கை.
கோட்டை மெஹருன்னிசா அக்கா சொன்னதுதான் எனக்குப் பிடித்தது:
"அந்த மாமியாருக்கு நடிப்பே வரலை.
அதைப் பத்தி ஒருத்தியும் வாயைத் திறக்கலை."

தட்டுவடை செட்டுக்கு வண்டியை நிறுத்தினால்
அங்கேயும் ரெண்டு கட்சி, தள்ளுமுள்ளு வரைக்கும்.
கடைக்காரர் ஒரு வடையில் பச்சைச் சட்னி தடவினார்,
இன்னொன்றில் சிவப்பு,
நடுவில் பீட்ரூட் துருவலை வைத்து அமுக்கினார்.
"காரம் போதுமா?" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

எனக்குக் கருத்து இல்லை.
ஒரு நாள்கூட நான் அதைப் பார்த்ததில்லை.
எட்டரை மணிக்கு எப்போதும் யாராவது ஒருவர் வாசலில்
செருப்பைக் கழற்றாமல் நிற்கிறேன்.
முதுகுகள் தெரியும், சோற்றுத் தட்டுகள் தெரியும்,
சுவரில் அசையும் நீல வெளிச்சம் தெரியும்.
அவள் முகம் தெரியாது.
இவர்கள் சண்டையிலிருந்துதான் அவளைச் சேர்த்துவைத்திருக்கிறேன்:
அம்மாப்பேட்டையில் கல்நெஞ்சுக்காரி,
குகையில் அம்மன்,
லைன்மேட்டில் விவரம் தெரிந்தவள்.

பொன்னம்மாப்பேட்டை ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
கூட்ஸ் வண்டி. பெட்டிகளை எண்ணி, நாற்பதில் விட்டுவிட்டேன்.
வடக்கே சேர்வராயன் மலையில்
கொண்டை ஊசி வளைவுகளில் ஒரே ஒரு விளக்கு
தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது.
ஏறுகிறதா இறங்குகிறதா
கடைசிவரை பிடிபடவில்லை.

கேட்டுக்கு அந்தப்புறம் கடைசி வீடு.
மூன்று மாத பாக்கி.
டிவி ஓடுகிறது, சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.
அவர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே உள்ளே போனார்.
மகள், மூன்றாவதோ நாலாவதோ படிக்கிறாள்.
தானே பின்னிக்கொண்ட ரெட்டைச் சடை,
ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கீழே.
இந்த வீட்டில் மட்டும்
நான் நாடகத்தைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.
அவளே கேட்டாள்:
"அடுத்த பௌர்ணமி எப்பண்ணா?"

காலண்டர் என் தலைக்கு நேராகத் தொங்கியது.
இன்னும் இருபத்து மூன்று நாள்.
"நாடகத்துலயா?" என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.
"நாடகத்துல மாசத்துக்கு நாலு பௌர்ணமி வருமாம்,
ஒரு சார் கணக்கு வச்சிருக்காரு."
"அப்பச் சரி" என்று
கீழே இருந்த சடையின் நுனியைக் கடித்துக்கொண்டாள்.

அவர் இரண்டு மாதத்துக்குக் கொடுத்தார்.
ரசீது கிழிக்கும்போது,
"அந்தச் சேனல் இருக்கட்டும்" என்றார்,
நான் ஒன்றும் கேட்காமலே.