முதுகு ஷாட்

அந்தேரியில் மூன்றாம் மாடி. கீழே ஜெராக்ஸ் கடை,
மேலே பஞ்சும் துணியும் அறைந்த ஆறுக்கு ஆறு அறை.
கதவை மூடினால் மும்பை அணைந்துவிடுகிறது.

திரையில் பனி. காட்டு நடுவில் ஒரு மரவீடு.
மகளைப் பறிகொடுத்த குடும்பம்
துக்கம் காக்க அங்கே வந்திருக்கிறது.
அடுத்த வீடு பதினோரு மைல்.
பயமே அதுதானாம், என் கையிலுள்ள தாள் சொல்கிறது.
தாய்க்கு நான் குரல்.
மணிக்கு இவ்வளவு என்று பேச்சு,
அலறலுக்குத் தனிக் காசில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. பொறாமை வந்தது.

கோலிவாடாவில் எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு.
இசக்கி போன அன்று அதற்குள் முப்பது பேர்.
பக்கத்து அறை ஷேவந்தாபாய் பருப்பும் சோறும் கொண்டுவந்தாள்,
எதிர் அறை சலீம் பாய் ஐஸ் பெட்டிக்கு வயர் இழுத்தார்.
நல்லவர்கள். ஒரு நிமிஷம் தனியே விடவில்லை.
விடியக்காலை ஐந்துக்குத் தண்ணீர் வந்தது,
அழுகையை நிறுத்திவிட்டு டிரம் நிரப்பினேன்.
செவ்வேல் அழுவதற்கு
ஹார்பர் லைன் ரயிலுக்குக் காத்திருப்பான்.
ஒரு வண்டி கடக்கும் நேரம், நாற்பது விநாடி,
அவ்வளவுதான் அவன் பங்கு.
நான் குக்கர் விசிலுக்குள் அழுதேன்.

படத்தில் இரவு, மாடியில் காலடி கேட்கிறது.
தாய் விறைத்து நிமிர்கிறாள்.
எங்கள் தலைக்குமேல் காலடி கேட்டால்
அது பாண்டே வீட்டுப் பையன், நைட் ஷிஃப்ட் முடிந்து.
கதவு தட்டினால் கேபிள் காசு.
குழாய் தானாய்ச் சொட்டினால் வாஷர் போயிருக்கும்.
எல்லாச் சத்தத்துக்கும் ஓர் ஆள் இருந்தான்.
பேய்க்கும் நிற்க ஓர் இடம் வேண்டுமே.
ஒரே ஒரு சத்தத்தையாவது
எனக்கு மிச்சம் வையுங்கள் என்று
பதினோரு மாதமாய்ப் படுத்துக் கிடக்கிறேன்.

"மேடம், உதடு லேட்,"
கண்ணாடிக்கு அப்பால் மந்தார்.
அவனுக்குத் தமிழ் தெரியாது, உதடு தெரியும்.
'போகாதே' என்று எழுதியிருந்தது.
அவள் வாயோ கடைசியில் மூடுகிறது.
'வேணாம்' என்று மாற்றினேன். பொருந்தியது.
ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொன்னேன்,
டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே.

பிறகு அந்த இடம்.
தாய் பனிக்குள் இறங்கி நடக்கிறாள்,
கேமரா வாசலிலேயே நின்றுவிடுகிறது.
மகள் பெயரைச் சொல்லி ஒரு கத்தல். ஆறு விநாடி.
உதடு தெரியாது.
முதுகு ஷாட்டில் எதையும் பேசலாம்,
இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தருவார்கள்.

தாளில் 'நோரா'.
முதல் டேக்கில் நோராவைத்தான் கூப்பிட்டேன்.
இன்னும் வேணும் என்றான்.
இரண்டாவதில் தொண்டை அடைத்தது, தண்ணீர் குடித்தேன்.
மூன்றாவதில்

இசக்கீ

என்று கூப்பிட்டேன்.
டீச்சர் வாயில் நுழையாமல் ஈஷா ஆக்கிய பெயர்.
எங்கள் நெல்லைப் பக்கம்
இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் சாமியின் பெயர்,
இருட்டிய பிறகு உரக்கச் சொல்லமாட்டார்கள்.
ஆறு விநாடி முழுக்கச் சொன்னேன்.
பஞ்சுச் சுவர் ஒரு துளி திருப்பித் தரவில்லை.
யாரும் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"ஓகே மேடம். இதுதான்."

சென்னையில் யாராவது காது கொடுத்துப் பிடிக்கலாம்,
நோரா எங்கே என்று.
பிடிக்காவிட்டால்
ஏதோ ஒரு வீட்டில், விளக்கணைத்து,
போர்வைக்குள் நெருங்கி உட்கார்ந்திருப்பவர்கள்
என் மகள் பெயரைக் கேட்டு
ஒரு கணம் திரையை விட்டுவிட்டு
பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

மந்தார் அடுத்த சீனை ஓட்டினான்.
பனியில் நிற்பவள் மெல்லத் திரும்புகிறாள்.
இனி உதடு தெரியும்.