ஒன்பதாம் ஸ்லைடு

சந்தையின் அளவு என்ன என்று கேட்டிருந்தீர்கள்.
ஒன்பதாம் ஸ்லைடில் ஒரு வட்டம் வைத்திருந்தேன்,
அதற்குள் இன்னொரு வட்டம்,
அதற்குள் நாங்கள்.
பெங்களூரில், உங்கள் ஏசி அறையில்,
அது நன்றாகத்தான் இருந்தது.

இங்கே கோத்தகிரியில், மூடிப்போன தேயிலை ஃபேக்டரியில்,
இலை வாட்டும் மாடிக்குக் கீழே
இடுப்புயர எஃகுக் குழாய் ஒன்று.
உள்ளே காற்றுகூட இல்லை.
ருபிடியம் அணுக்கள், சில லட்சம்,
லேசர் ஒளியில் ஏறக்குறைய அசைவே நின்று
பிடி விட்டதும் விழும்.
ஜனவரி உறைபனியில் குரங்குக் குல்லாய்க்குள்
பல் தந்தியடிக்கும் சுற்றுலாக்காரர்கள்
அந்தக் குளிரைக் கண்டதில்லை.
கீழே மண் கனத்தால் ஓர் இம்மி வேகமாய் விழும்,
பொந்து என்றால் ஓர் இம்மி தாமதமாய்.
இதைச் சொல்லி முடிக்க எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும்.
நீங்கள் மூன்று தந்தீர்கள்.

இளம்பரிதி மியூனிக் போய்விட்டான்.
குறை சொல்ல எனக்கு வாயில்லை,
நான்கு மாதச் சம்பளத்தைப் பங்கு என்று சொல்லித் தந்திருந்தேன்.
அவன் வீட்டு மளிகைக்காரர் பங்கு வாங்குவதில்லை.
விளம்பரம் போட்டோம்.
வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா என்றார் ஒருவர்.
கண்ணாடியை அரை மயிர் திருப்ப வேண்டும் ஐயா,
எந்த வீட்டிலிருந்து?
இன்னொருவர் கொண்டை ஊசி வளைவில் வாந்தியெடுத்து
குஞ்சப்பனையிலேயே திரும்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் செல்போன் பழுதுபார்க்கும் புஷ்பகாந்தியை
என் போனுக்குத் திரை மாற்றப் போன இடத்தில் பார்த்தேன்.
எள்ளைவிடச் சின்னச் சில்லு ஒன்றை
மூச்சடக்கி ஒட்டிக்கொண்டிருந்தாள்.
குவாண்டம் என்றேன்.
எந்த மாடல் என்றாள்.
மறுவாரம் கண்ணாடிகள்
அவள் விரலுக்கு அடங்கி நேர்கோட்டில் நின்றன.

ஐப்பசியில் ஒன்பது நாள் மழை.
குழாயையும் ஜெனரேட்டரையும் ஜீப்பில் கட்டி
எட்டாம் வளைவில் தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்தோம்.
மூன்றாம் இரவு எண் ஏறியது.
நான்காம் இரவு இன்னும்.
சாலைக்கடியில் தண்ணீர் தங்குகிறது என்று
நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதினோம்.
உதவிப் பொறியாளர் நல்ல மனிதர்.
வண்டிகளைக் குன்னூர் வழியே திருப்பிவிட்டு
வடிகுழாய் நான்கு இறக்கினார்.
மண் விழவில்லை.

விழாத மண்ணுக்கு எந்தத் தலைப்பில் பில் போடுவது?
அவரும் யோசித்தார்.
"சரிஞ்சிருந்தா அவசர நிதி இருக்கு"
என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.
டெண்டர் வந்தால் சொல்வாராம்.
மூன்று வருட விற்றுமுதல் காட்ட வேண்டுமாம்,
யார் குறைந்த விலையோ அவருக்குத்தானாம்.
குறைந்த விலைக்காரர்
கம்பியை மண்ணில் குத்திப் பார்க்கிறவர்.

ஆகவே, திருத்திய ஸ்லைடு.
வட்டங்களை எடுத்துவிட்டேன்.
இந்த மாத வருவாய்:
செல்போன் பழுது, பதினோராயிரத்து நானூறு.
லேசர் மேசையின் ஓரத்தில்
புஷ்பகாந்தி இரண்டடி இடம் பிடித்திருக்கிறாள்.
வெற்றிடப் பம்பின் கரண்ட் பில் அதிலிருந்துதான்.

இன்னொன்று, தகவலுக்காக.
இரவு இரண்டரைக்கு, வரைகோட்டில் தினமும் ஒரு சின்னத் திமில்.
லாரி இல்லை. நில அதிர்வு இல்லை.
பிழை எங்கே என்று பதினொரு நாள் தேடினோம்.
பன்னிரண்டாம் நாள் டார்ச் அடித்தால்
சுவருக்கு அந்தப் பக்கம், ஓராள் பள்ளத்தில்,
ஒரு காட்டெருமை
முதுகைச் சொறிந்துகொண்டு நிற்கிறது.
எண்ணூறு கிலோ இருக்கும்.
அந்தக் கனத்துக்கு அணுக்கள் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கின்றன.

வாடிக்கையாக வருகிறவர் இவர் ஒருவர்தான்.
எந்த வட்டத்துக்குள் போடலாம் என்று எழுதுங்கள்.
புஷ்பகாந்தி பதிவேட்டில் நேரம் குறிக்கிறாள்,
எதிரே, பென்சிலில்:
வந்தாச்சு.