விளிம்பு வெடி

விலைப்பட்டியல் மூன்று நாளாய்
கோழித்தீவன பில் புத்தகத்துக்கு அடியில் கிடக்கிறது.
ஒரு துப்பாக்கி, இரண்டு குழல்.
அல்லது, இரண்டு துப்பாக்கி.
கொழிஞ்சாம்பாறையில் இதைப் போய் யாரிடம் கேட்பது?
பக்கத்துக் கடை ராயப்பன், "காட்டுப்பன்னிக்கா?" என்றான்.
காகிதத்துக்கு என்றேன்.
தவிட்டு மூட்டையில் சாய்ந்து
இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

காகிதம்தான்.
ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு கறுப்பு வட்டம்,
அதன் நடுவில் கொத்தமல்லி விதையளவு வெள்ளை.

பாலக்காட்டில் குரியாச்சன்
கண்ணாடிப் பெட்டிமேல் துண்டு விரித்து
இரண்டு குழலையும் படுக்க வைத்தார்.
தடித்தது இருபத்திரண்டு, மெலிந்தது பதினேழு.
திருகு தளர்த்தி, உருவி, மற்றதைச் செருகி, இறுக்கி...
என் சாயா ஆறுவதற்குள் வேறு துப்பாக்கி.
"ஒரு தோக்கு மதி" என்றார்.
லைசென்ஸில் ஒரே வரி. பூட்டி வைக்க ஒரே பெட்டி.
பிறகு, நேர்மையான மனுஷன், குரலைத் தாழ்த்தி:
"பதினேழிண்ட உண்ட சிலப்போ கிட்டும்.
சிலப்போ கிட்டில்லா."

இந்த ரகத் தோட்டாவுக்கு
நடுவில் ஊசி அடித்தால் ஒன்றும் ஆகாது.
விளிம்பில் பட வேண்டும்.

இரவில் கணக்குப் போட்டேன்.
குழல் மாற்றும் ஒவ்வொரு முறையும்
குறி ஒரு நூல் நகர்ந்துவிடும்.
அந்த நூலைத் திரும்பப் பிடிக்க ஏழெட்டுத் தோட்டா.
மாதம் நாலு தடவை என்றால் முப்பது,
எதையும் ஜெயிக்காமல் மண்மேட்டுக்குள்.
இரண்டு துப்பாக்கியில் அந்த நஷ்டம் இல்லை;
ஆனால் தோளுக்கு இரண்டு கட்டை,
விரலுக்கு இரண்டு விசை,
கைக்கு இரண்டு கடன்.

குழல் மாற்றுவது எனக்கென்ன புதிதா?
வேலந்தாவளம் தாண்டி லோடு வந்தால் ஒரு பேச்சு,
வில்லேஜ் ஆபீஸ் படியேறினால் இன்னொன்று.
வாய் அதேதான்.
ஆனாலும் முதல் நாலு வார்த்தை
எங்கேயாவது ஓரத்தில்தான் போய்க் குத்தும்.
கிளார்க் நிமிர்ந்து பார்த்த பிறகே நடுவுக்கு வரும்.

போன வருஷம் ஒரு ஞாயிறு,
புதுநகரத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போகும் வழியில்
அரை மணி நேரம் என்று சொல்லி
நஜ்முன்னிசாவை ரேஞ்சுக்குக் கூட்டிப் போனேன்.
காரில் வெக்கை. இறங்கி வந்தாள்.
பாயில் குப்புறப் படுத்தாள்.
நான் எண்பத்தெட்டு. அவள் தொண்ணூற்று மூன்று.
அன்று புதுநகரம் போகவில்லை.

அதிலிருந்து கிளப்பின் ஒரே துப்பாக்கி, மாறி மாறி.
அவள் சுட்டால் நான் புள்ளி எழுதுவேன்,
நான் சுட்டால் அவள் எதுவும் சொல்ல மாட்டாள்.

நேற்றுச் சோறு முடிந்ததும்
பட்டியலை அவள் முன்னால் வைத்தேன்.
கண்ணாடி போட்டு, விரல் வைத்துப் படித்தாள்.
"ரெண்டு குழல், சரி. சுடுறது எத்தனை பேர்?"
எழுந்து போய் அலமாரித் துணிக்கடியிலிருந்து
கலெக்டரேட் ரசீது ஒன்றைக் கொண்டுவந்தாள்.
அவள் பெயர், அவள் போட்டோ.
நோன்புக்கு முந்தைய மாதத் தேதி.

"உங்களுக்குக் குழல் ரெண்டா, துப்பாக்கி ரெண்டா,
நீங்களே பாத்துக்குங்க.
என்னோடது தனி. பதினேழெல்லாம் வேண்டாம்.
இருபத்திரண்டு.
இடது கைக்கு."

இடது கைக்கு.
கிளப் துப்பாக்கி வலது கைக்காரனுடையது.
ஒரு வருஷமாய் ஒவ்வொரு தோட்டாவுக்கும்
குறுக்கே கையை நீட்டிப் பூட்டை இழுத்தாள்.
அதை அவளுடைய பாணி என்று நினைத்து
புள்ளிகளை மட்டும் எழுதியிருக்கிறேன்.
நோட்டு இருக்கிறது. அறுபத்தொரு பக்கம்.

காலையில் குரியாச்சனுக்குப் போன் செய்ய வேண்டும்.
இடங்கை என்பதா, இடத்தே கை என்பதா,
எப்படிச் சொன்னால் அவருக்குப் பிடிபடும்?
ராயப்பன் ஷட்டரைத் தூக்கும் சத்தம்.
எண்ணை அழுத்திவிட்டேன்.
ஓரத்தில் குத்தினாலும் குத்தட்டும்.